பாங்காக் ஜிம் தாம்சன் வீடும் பட்டும்: போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நேஷனல் ஸ்டேடியம் ரயில் நிலையத்தில் இறங்கி, ஒன்றாம் எண் வாசல் வழியாக வெளியே வந்தால் காசெம்சான் 2-ஆவது சந்து. அதன் கோடியில், கால்வாயை ஒட்டி, இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் ஜிம் தாம்சன் வீடு. நடந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்குள் நல்ல சட்டை போட்ட ஒருவர் சிரித்த முகத்தோடு வந்து, “இன்றைக்கு வீடு மூடியிருக்கிறது, மத்தியானம்தான் திறப்பார்கள், அதுவரை வெறும் இருபது பாட் காசுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறேன்” என்று சொல்லக்கூடும். வீடு வாரம் ஏழு நாளும் காலை 10 மணிக்குத் திறக்கிறது. அந்த இருபது பாட் ஆட்டோ நேராக ஒரு ரத்தினக் கடையிலோ தையல் கடையிலோ போய்த்தான் நிற்கும். பதில் சொல்லாமல் நடையைக் கட்டுங்கள். டிக்கெட்டை வாசலுக்கு உள்ளே போய் வாங்குங்கள்.

ஜிம் தாம்சன் பெயரில் நடக்கும் பட்டுக் கடைக்குப் போகிறவர்கள் ஒரு வீட்டை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். தாய்லாந்துப் பட்டு என்று இன்று உலகம் முழுக்க விற்கிற துணி, இந்த வீட்டில் இருந்த ஒருவர் பிடிவாதமாக நின்றதால் பிழைத்தது. அவர் என்ன செய்தார் என்று தெரிந்துகொண்டு கடைக்குள் போனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது புரியும். தெரியாமல் போனால் யானை அச்சடித்த கைப்பையோடு திரும்புவோம்.

ஜிம் தாம்சன் 1906-ல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பிறந்தவர். பிரின்ஸ்டனில் படித்து, நியூயார்க்கில் கட்டடக் கலைஞராக வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போர் நெருங்கிய நேரத்தில் படையில் சேர்ந்தார். பிறகு ஓஎஸ்எஸ் என்ற அமெரிக்க உளவுப் படைக்கு மாறி வட ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பணியாற்றினார். அங்கே போர் ஓய்ந்ததும் அவரை இலங்கைக்கு அனுப்பினார்கள். ஜப்பானின் பிடியில் இருந்த தாய்லாந்துக்குள் பாராசூட்டில் குதித்து, உள்ளே மறைந்து போராடிய ‘சேரி தாய்’ (சுதந்திர தாய்லாந்து) இயக்கத்தாரோடு சேர்வதுதான் திட்டம். 1945 ஆகஸ்டில் குதிக்கத் தயாராக இருந்தபோது ஜப்பான் சரணடைந்துவிட்டது. சண்டை போட வந்தவர் சண்டை முடிந்த பாங்காக்கில் இறங்கினார். பிறகு அதையே தன் ஊராக்கிக்கொண்டார்.

அப்போது தாய்லாந்தில் பட்டு நெசவு செத்துக்கொண்டிருந்தது. விலை குறைந்த இயந்திரத் துணி வெளியிலிருந்து வந்து குவிந்ததில் நெசவாளர்கள் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள். பாங்காக்கில் மிச்சம் தறி ஓடிய இடங்களில் முக்கியமானது பான் க்ருவா என்ற கால்வாய்க் கரைக் குடியிருப்பு. அங்கிருப்பவர்கள் சாம் என்ற இனத்து முஸ்லிம்கள். முதலாம் ராமா மன்னர் காலத்தில் சியாமுக்காக (தாய்லாந்தின் பழைய பெயர்) போரிட்டதற்குக் கூலியாக நிலம் பெற்றவர்களின் வம்சம். பழைய படைவீரர் ஒருவர், படைவீரர்களின் பேரன்பேத்திகளைத் தேடிப் போய்த் தறியை ஓட்டச் சொன்ன கதை இது.

1947-ல் ஒரு பெட்டி நிறையத் துணியை எடுத்துக்கொண்டு நியூயார்க் போனார். வோக் என்ற ஃபேஷன் பத்திரிகையின் ஆசிரியர் எட்னா வுல்மன் சேஸ் முன்னால் அதை விரித்துக் காட்டினார். அடுத்த ஆண்டு தாய் சில்க் கம்பெனி தொடங்கியது. 1951-ல் சியாம் அரசவையை வைத்து பிராட்வேயில் அரங்கேறிய இசை நாடகத்தின் உடைகளுக்கு இந்தப் பட்டைப் பயன்படுத்த, அமெரிக்காவில் பெயர் பரவியது.

விற்பனைத் திறமை பலருக்கு உண்டு. கவனிக்க வேண்டியது அவர் தறியை எங்கே வைத்தார் என்பதை. நெசவாளர்களைத் திரட்டிக் கொட்டகைக்குள் உட்கார வைத்திருந்தால் கணக்குக்கும் கண்காணிப்புக்கும் சுலபம். அவர் தறியை வீட்டிலேயே விட்டார். பெண்கள் சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே தங்கள் வசதிப்படி நெய்தார்கள். கம்பெனியில் தாய்லாந்துக்காரர்களிடம் இருந்த பங்குகளில் நெசவாளர்களுக்கும் பங்கு உண்டு. காலையில் அவரே கால்வாயைத் தாண்டிப் போய் வீடு வீடாகத் துணியைப் பார்ப்பார். நம் காஞ்சிபுரத்தில் மாஸ்டர் வீவர் என்றும் கூலித்தறி என்றும் பழகியவர்களுக்கு, கம்பெனி முதலாளி நெசவாளரைப் பங்காளியாக்கியது எவ்வளவு பெரிய விஷயம் என்று தனியே சொல்ல வேண்டாம்.

தொழில்நுட்பத்தில் இரண்டு மாற்றம் செய்தார். ஒன்று தறி. பக்கத்துக்குப் பக்கம் கையால் நாடாவை (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை) எறிவதற்குப் பதில், காலால் மிதித்து, கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டும் தறிகளைக் கொண்டுவந்தார். நெசவு வேகம் கூடியது, அகலத் துணியும் நெய்ய முடிந்தது. இன்னொன்று சாயம். அரக்கு, அவுரி, பலாக்கட்டை என்று மரபாகப் போட்ட சாயங்கள் அழகுதான், ஆனால் வெளியூர் வாடிக்கையாளர் துவைத்தால் வெளுத்தன, பாகத்துக்குப் பாகம் நிறமும் மாறியது. நூறு கஜம் ஒரே நிறத்தில் வேண்டும் என்று கேட்கும் அமெரிக்கக் கடைக்கு அது ஒத்துவராது. அதனால் சுவிட்சர்லாந்துச் சாயத்தை வரவழைத்தார். இயற்கைச் சாயம்தான் உயர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு இது குறையாகப் படும். அந்த மாற்றம் இல்லாமல் பான் க்ருவாவில் தறிச் சத்தம் கேட்டிருக்காது என்பதும் உண்மை.

இனி வீடு. 1959-ல் கட்டி முடித்தது. கட்டி முடித்தது என்பதைவிடச் சேர்த்து முடித்தது என்பதே சரி. ஆறு பழைய தேக்கு வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து கால்வாய்க் கரையில் ஒன்றாக இணைத்திருக்கிறார். சில அயுத்தயாவிலிருந்து படகில் வந்தவை. வரவேற்பறை எதிர்க்கரை பான் க்ருவாவிலிருந்தே வந்தது. பழைய தாய் வீட்டுச் சுவர்கள் ஆணியில்லாமல் பலகை பலகையாகப் பொருத்தியவை, கழற்றி மாட்டலாம். சுற்றும்போது ஒரு இடத்தைத் தவறவிடாதீர்கள்: வரவேற்பறைச் சுவரில் ஜன்னல்களுக்குக் கீழே உள்ள செதுக்கு வேலை வெளிப்பக்கத்தில் இருக்க வேண்டியது. அவர் சுவரை உள்முகமாகத் திருப்பி மாட்டிவிட்டார். விருந்தினர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம் அல்லவா! படிக்கட்டையும் மரபுக்கு மாறாக வீட்டுக்குள் வைத்திருக்கிறார். சாப்பாட்டு மேஜையைக் கூர்ந்து பாருங்கள், இரண்டு சீன மாஜோங் சூதாட்ட மேஜைகளை ஒட்டிப் போட்டது. வெளிச்சுவரின் சிவப்புப் பூச்சு அலங்காரத்துக்கு மட்டும் இல்லை, மரத்தைக் காக்கப் பழங்காலத்தில் பூசியது. வீடு முழுக்கத் தூண்கள் மேல் ஒரு மாடி உயரத்துக்கு நிற்பது மழைக்கால வெள்ளத்துக்காக.

வாசற்படி நிலைகள் உயரமாக நிற்கும். காலைத் தூக்கி வைத்துத் தாண்ட வேண்டும். நிலையில் மிதிக்கக் கூடாது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை முன்பே சொல்லிவிடுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டும், பையை லாக்கரில் வைக்க வேண்டும். வீட்டுக்குள் தனியாகச் சுற்ற முடியாது, வழிகாட்டியோடுதான். ஆங்கிலம், தாய், சீனம், ஜப்பானியம், பிரெஞ்சு என்று மொழிவாரியாகக் குழு பிரிப்பார்கள். முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதுதான் ஒரே குறை. பர்மியச் சிற்பங்களும் பெஞ்சரோங் என்ற பலநிறத் தாய் பீங்கானும் இருக்கும் அறைகளில் நிற்க நேரம் போதாது. காலை 10 மணிக்கே போனால் குழு சிறியதாக இருக்கும், வழிகாட்டியும் நிதானமாகப் பேசுவார். 22 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு, வயதுச் சான்று கையில் இருக்கட்டும்.

அவர் உயிரோடு இருந்தபோதே பொதுமக்களுக்கு வீட்டைத் திறந்துவிட்டு, வசூலைத் தாய்லாந்து அறப்பணிகளுக்குக் கொடுத்தார். ஆனால் அரசாங்கத்தோடு உறவு எப்போதும் சுமுகமாக இருந்ததில்லை. 1962-ல் பழைய புத்தர் தலைச் சிற்பங்கள் ஐந்தைக் அரசின் கலைத்துறை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. அந்த மனக்கசப்பில், தன் சேகரிப்பைத் தாய்லாந்துக்கே விட்டுப்போவதாக எழுதியிருந்த உயிலை மாற்றி அண்ணன் மகன் பெயருக்கு எழுதினார். அதே ஆண்டில்தான் தாய்லாந்தின் வெள்ளை யானை விருதும் அவருக்குக் கிடைத்தது. வழிகாட்டிகள் விருதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் மற்றதையும் கேளுங்கள். அந்த அண்ணன் மகனும் வீட்டை விற்கவில்லை. 1976-ல் அறக்கட்டளை ஒன்றின் கையில் வந்தது, இன்றும் அதுதான் நடத்துகிறது.

தோட்டத்தில் பட்டுப்புழுக் கூட்டிலிருந்து நூல் எடுத்துக் காட்டுவார்கள். இலவசம், கூட்டமும் குறைவு. அங்கே பத்து நிமிடம் நின்று பாருங்கள், கடையில் உதவும். மண் பானையில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே நீர், அதில் மிதக்கும் மஞ்சள் கூடுகள். பல கூடுகளின் இழைகளைச் சேர்த்து, பானை வாய்மேல் நிற்கும் மரச் சட்டத்தின் சிறு துளை வழியாக மேலே இழுத்து, உருளையைச் சுற்றிக் கூடையில் இறக்குவார்கள். நீர் சூடு குறைந்தால் இழை படக்கென்று அறும். கூடினால் கொத்தாகப் பெயர்ந்து வந்து நூலில் கட்டி விழும். கூட்டின் வெளிப்படலம் தரும் நூல் முரடு, உள்படலத்து நூல் மெல்லியது. இதனால்தான் தாய் பட்டில் கைக்குத் தட்டுப்படும் மேடுபள்ளம் வருகிறது. அது பழுது இல்லை, அடையாளம். கர்நாடகத்தின் ராமநகரம் கூட்டுச் சந்தையில் மஞ்சள் கூடு பார்த்தவர்களுக்கு இந்த நிறம் புதிதில்லை. நிறம் இருப்பது இழைமேல் உள்ள பசையில். காய்ச்சிப் பசையை எடுத்தால் மஞ்சளும் போய், எடையில் கால்பங்கு வரை குறையும்.

நம் காஞ்சிப் பட்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உடனே புலப்படும். காஞ்சியில் பாவும் (நெடுக்கு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) நன்றாக முறுக்கிய நூல், அதனால் கனமும் இழுவையும் இருக்கும். அதோடு கோர்வைக் கரை (உடலோடு கோத்து நெய்த கரை), ஜரிகை. தாய் பட்டில் பாவு மெல்லியது, ஊடை தடித்தது, ஜரிகை பெரும்பாலும் கிடையாது. அழகு முழுக்க நிறத்தில். பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம், திருப்பினால் மாறும். மயில்கழுத்து நிறம் என்று நாம் சொல்வதேதான், ஆனால் இங்கே நிற ஜோடிகள் துணிச்சலானவை: ஆரஞ்சு மேல் ரோஜா, பச்சை மேல் நீலம்.

கடைக்குள் போனதும் கண்ணில் படுபவை டை, ஸ்கார்ஃப், பை, பொம்மை. அச்சடித்த ஸ்கார்ஃப் மென்மையாக நன்றாகவே இருக்கும், பரிசு கொடுக்க ஏற்றது. ஆனால் பான் க்ருவா ஞாபகத்தில் வாங்குகிறவர்களுக்கு அது இல்லை. நேராக மீட்டர் துணிப் பகுதிக்குப் போய், கைத்தறியா, எத்தனை நூல் சேர்த்து நெய்தது, ஒற்றை நூலா இரட்டை நூலா நான்கு நூலா என்று கேளுங்கள். இரட்டை நூல் துணி சட்டைக்கும் ரவிக்கைக்கும். நான்கு நூல் கோட்டுக்கும் குஷன் கவருக்கும். ஒற்றை நூல் துணியை லைனிங் இல்லாமல் தைக்காதீர்கள்.

அகலம் பெரும்பாலும் ஒரு மீட்டர், அதாவது 40 அங்குலம். ரவிக்கைக்கு ஒரு மீட்டர் தாராளம். ஆண்கள் முழுக்கைச் சட்டைக்கு இரண்டரை மீட்டர். 16 அங்குல குஷன் கவர் என்றால் ஒரு மீட்டரில் முன்னும் பின்னுமாக இரண்டு வரும். புடவை ஆசை எல்லாருக்கும் வரும், அங்கேதான் சிக்கல். நம் புடவை அகலம் 45 அங்குலத்துக்கு மேல். 40 அங்குலத் துணியைக் கட்டினால் கணுக்காலுக்கு மேலே நிற்கும். கீழே ஐந்தாறு அங்குலத்துக்குக் கரை வைத்துத் தைத்தால் சரியாகும். ஆனால் நான்கு நூல் துணியில் கொசுவம் விறைத்துக் குடை மாதிரி விரியும், இரட்டை நூல்தான் எடுக்க வேண்டும். இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றினால் பாவாடை, சல்வார் டாப், பட்டுச் சட்டை பக்கம் போங்கள்.

ஊர் டெய்லரிடம் கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்ல வேண்டும். துண்டுகள் எல்லாம் ஒரே திசையில் வெட்டப்பட வேண்டும். ஒரு கை நெடுவாட்டிலும் இன்னொன்று குறுக்குவாட்டிலும் போனால் இரண்டு நிறச் சட்டை ஆகிவிடும். தையலுக்கு ஓரத்தில் ஓர் அங்குலம் விட வேண்டும். மெல்லிய பாவின்மேல் தடித்த ஊடை நழுவுவதால், இறுக்கித் தைத்த ரவிக்கை அக்குளிலும் முதுகிலும் துணி கிழியாமலே தையலை ஒட்டி விரிந்துகொடுக்கும். பலரும் துணி மட்டம் என்று கடையைத் திட்டுவது இதற்குத்தான், தவறு அளவில். மூன்றாவது, மெல்லிய புது ஊசி, 11-ஆம் எண். முனை மழுங்கிய ஊசி இழையை இழுத்து வரி விழ வைக்கும்.

விலை அதிகம், மறைக்க ஒன்றுமில்லை. சுகும்வித் 93-ஆவது சந்தில், பாங் சாக் நிலையத்துக்குப் பக்கத்தில் இவர்களுடைய தள்ளுபடிக் கடை இருக்கிறது. பழைய வடிவங்களும் மீதத் துணிகளும் குறைந்த விலையில் கிடைக்கும், மீட்டர் துணி வாங்க அதுதான் இடம். திரைச்சீலை, சோபா துணி தேடுபவர்களும் அங்கே போகலாம். சுரவோங் சாலைக் கடை 1967 முதல் இருப்பது, தெரிவு அதிகம். எந்தக் கடையானாலும், ஒரே நாளில் ஒரே கடையில் 2000 பாட்டுக்கு மேல் வாங்கினால் வரி திரும்பப் பெறும் படிவத்தை அப்போதே கேட்டு வாங்குங்கள், பாஸ்போர்ட் வேண்டும். விமான நிலையத்தில் பெட்டியைக் கொடுப்பதற்கு முன்பே, சுங்க முத்திரை வேண்டுமா என்று துணியோடு போய் விசாரித்துவிடுங்கள். பெட்டி உள்ளே போன பிறகு கேட்டால் பயனில்லை.

சந்தைகளில் ‘தாய் சில்க்’ என்று அடுக்கியிருப்பவற்றில் நிறைய பாலியஸ்டர். வெளிச்சத்தில் மடித்துப் பாருங்கள், அசல் இருநிறப் பட்டில் மடிப்பு முதுகில் ஒரு நிறமும் பள்ளத்தில் இன்னொன்றும் தெரியும், பாலியஸ்டர் எந்தப் பக்கம் திருப்பினாலும் வெள்ளையாகவே மினுக்கும். ஓரத்தில் ஓர் இழை உருவி எரித்தால் பட்டு முடி கருகும் வாடையடித்து, சாம்பல் விரலில் பொடியாகும். மற்றது உருகி மணியாய் இறுகும். பெரிய கடையில் தீப்பெட்டி எடுக்க முடியாது. அங்கே மயில் முத்திரையைத் தேடுங்கள். தாய்லாந்து அரசு கொடுப்பது. தங்க மயில் என்றால் நாட்டுப் பட்டுப்புழு, கையால் எடுத்த நூல், கைத்தறி. வெள்ளி மயிலில் மேம்படுத்திய புழு இனமும் வரலாம். நீல மயில் அசல் பட்டுதான், தறி எதுவாகவும் இருக்கலாம். பச்சை மயில் வேறு இழை கலந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பின் பராமரிப்பு நம் பட்டுக்குச் செய்வதுதான். முதல் இரண்டு தடவை டிரை கிளீனிங். பிறகு இரட்டை நூல் துணியைக் குளிர்ந்த நீரில் துளி ஷாம்பு விட்டு அலசலாம், முறுக்கிப் பிழியக் கூடாது. இஸ்திரி உள்பக்கமாக, ஈரப்பதம் இருக்கும்போதே. தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டால் சொட்டுக்கறை தங்கும். மாதக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்தால் மடிப்பில் இழை ஒடியும், மாற்றி மடியுங்கள்.

1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. மலேசியாவின் கேமரன் மலையில் மூன்லைட் பங்களாவில் நண்பர்களோடு தங்கியிருந்த தாம்சன், மதியத்துக்குப் பின் வெளியே நடந்தார். திரும்பவில்லை. போலீசாரும் படையினரும் காட்டை அறிந்த ஓராங் அஸ்லி மக்களும் நாள்கணக்கில் தேடினார்கள், ஒரு தடயமும் இல்லை. தேயிலைத் தோட்டமும் காடும் சூழ்ந்த அந்த மலையில் வாழும் நம் தமிழர்களிடையேயும் இந்தக் கதை இன்னும் ஓடுகிறது. புலி, லாரி, உளவு என்று ஆளுக்கொரு முடிவு சொல்வார்கள். வீட்டு வழிகாட்டி இதை ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார், அதுவே போதும். அவர் விட்டுப்போன வேலை பட்டு, அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறோம்.

அதனால் வெளியே வந்ததும் திரும்பிவிடாமல் கால்வாய்க் கரைக்குப் போய், பக்கத்துப் பாலத்தில் ஏறி அக்கரைக்கு நடங்கள். பான் க்ருவா அங்கேதான். விரைவுச் சாலை இறங்குபாதைக்காகக் குடியிருப்பை இடிக்க வந்தபோது ஆண்டுக்கணக்கில் போராடித் தடுத்தவர்கள் இந்த மக்கள். சந்துகள் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சாய்ந்து நிற்கும் அகலம். தறி இருக்கும் வீடுகள் இப்போது விரல்விட்டு எண்ணும் அளவுதான், விசாரித்துத்தான் போக வேண்டும். முஸ்லிம் குடியிருப்பு என்பதால் தோள் மூடிய உடை நல்லது, வெள்ளிக்கிழமை மத்தியானம் வேண்டாம். இங்கே கார்டு செல்லாது, ரொக்கம் எடுத்துப் போங்கள். கிடைக்கும் நிறங்கள் குறைவு, அகலமும் வீட்டுக்கு வீடு மாறும், வாங்குமுன் உங்கள் கையாலேயே அளந்துகொள்ளுங்கள்.